வூட்டுப் பேச்சு, நோட்டுப் பேச்சு

குழாய்க்கு வாஷர் வாங்கப் போன இடத்தில்தான் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். பீர்க்கன்கரணையில் எங்கள் தெரு முனையில் ஒரு ஹார்டுவேர் கடை இருக்கிறது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில், பெயிண்ட் கம்பெனி காலண்டருக்குக் கீழே, பால்பாயிண்ட் பேனாவில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: ‘மாடியில் மாலை வகுப்பு. ஐந்தரை முதல் ஏழு வரை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆள் தேவை. சம்பளம் கிடையாது. டீ உண்டு.’

நான் வேலையை விட்டு அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. கிண்டியில் இருந்த எங்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்தை அம்பத்தூர் பக்கம் மாற்றிவிட்டார்கள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஒரு மாதம் போய்ப் பார்த்தேன், முடியவில்லை. மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். கணவர் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வர எட்டாகிவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் அந்த வீட்டில் எனக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. சுத்தம் செய்த அலமாரியையே மறுபடி சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

பாயிடம் காகிதத்தைக் காட்டிக் கேட்டேன். அவர் வாஷரைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, “நீங்க டீச்சரா மேடம்?” என்றார்.

“இல்ல பாய். இன்சூரன்ஸ் ஆபீஸ்ல க்ளெய்ம் செக்‌ஷன்ல இருந்தேன்.”

“தமிழ் நல்லா வருமா?”

“நல்லாவே வரும்.”

“அப்ப நாளைக்கே வாங்க. அந்தப் பொண்ணு ஒண்டியா கஷ்டப்படுது.”

நல்லாவே வரும் என்று நான் சொன்னது பொய்யில்லை. பள்ளியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள். அலுவலகத்தில் தமிழில் கடிதம் எழுத வேண்டியிருந்தால் என்னிடம்தான் வருவார்கள். ஆனால் அந்த மாடியில் என் நல்ல தமிழ்தான் முதலில் தொல்லை கொடுத்தது.

பாய் சொன்ன ‘பொண்ணு’க்கு முப்பது வயது இருக்கும். தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். நாலரைக்கு ஷிப்ட் முடிந்து, ரயிலில் பெருங்களத்தூர் வந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மாடிக்கு வந்துவிடுவாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தன் தெருப் பிள்ளைகள் நான்கு பேரை உட்காரவைத்து அவள்தான் இந்த வகுப்பை ஆரம்பித்திருக்கிறாள். இடம் போதவில்லை என்று பாயிடம் கேட்க, அவர் பி.வி.சி. குழாய்களை ஒரு சுவரோரம் அடுக்கிவிட்டு மாடி அறையைக் கொடுத்திருக்கிறார். நான் போனபோது பதினெட்டுப் பிள்ளைகள் கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

பெரும்பாலும் ஏரிக்கரையை ஒட்டிய வரிசை வீடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் குடும்பங்கள் ராயபுரம், வியாசர்பாடி பக்கங்களிலிருந்து வாடகை தாங்காமல் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வந்தவை. அப்பாக்கள் ஆட்டோ, பெயிண்டிங், சென்ட்ரிங் வேலை. அம்மாக்கள் பெரிய அடுக்குமாடிகளில் ஹவுஸ்கீப்பிங். வீடு மாறியும் பேச்சு மாறவில்லை. அந்தப் பிள்ளைகள் பேசிய வேகத்தில், சென்னையில் இருபத்திரண்டு வருடம் இருந்த எனக்கே பாதி புரியவில்லை.

முதல் நாளே அந்தத் தவறைச் செய்தேன்.

ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. இரட்டைப் பின்னல், ஒரு பக்கம் சிவப்பு ரிப்பன், மறுபக்கம் பச்சை. என்னைப் பார்த்ததும் பயமில்லாமல் எழுந்து வந்து முறையிட்டாள்.

“மிஸ், அவன் என் புக்க இஸ்துகினு போய்ட்டான். கேட்டா குத்திட்டான்.”

நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். “அப்படிச் சொல்லக்கூடாது. ‘என் புத்தகத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டான்’ அப்படின்னு சொல்லு பார்க்கலாம்.”

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எதுவும் சொல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டாள். புத்தகத்தையும் திரும்பக் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கு எனக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம், “பிள்ளைங்க பேச்சு ரொம்ப மோசம், நிறைய வேலை இருக்கு” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தையல்காரப் பெண்ணிடம் பேசுவாள். மற்ற பிள்ளைகளோடு ஓயாமல் பேசுவாள். படியேறி வரும்போதே அவள் குரல் கேட்கும். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் மட்டும் நின்றுவிடும். கேள்வி கேட்டால் நோட்டைப் பார்ப்பாள். டிக்டேஷன் கொடுத்தால் எழுதுவாள், ஆனால் காதில் விழுந்ததைத் தன் வாயில் வருகிற மாதிரி எழுதுவாள். பழம் என்று நான் சொன்னால் ‘பயம்’ என்று எழுதியிருப்பாள். மழைக்கு ‘மய’. நான் சிவப்பு மையில் சுழிப்பேன். சுழித்துச் சுழித்து அவள் நோட்டுப் பக்கம் ஒன்று அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாள் வகுப்பு முடிந்து இறங்கும்போது தையல்காரப் பெண் என்னோடு நடந்து வந்தாள்.  பிறகு, “அக்கா, ஒண்ணு சொல்வேன், கோச்சுக்க மாட்டீங்களே?” என்றாள்.

“சொல்லு.”

“அந்தப் பாப்பாவ நீங்க திருத்துறீங்கள்ல... அவங்க வூட்ல அம்மா, அப்பா, பெரிம்மா எல்லாம் அப்டிதான் பேசுவாங்க. அது தப்புன்னு சொன்னா அவங்க எல்லாரும் தப்புன்னு அது நெனைச்சுக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. “பரீட்சையில அப்படி எழுதினா மார்க் போடுவாங்களா?” என்று கேட்டேன்.

“போட மாட்டாங்கக்கா. அதனால அதையும் கத்துக்கணும்தான். நான் வேணாம்னு சொல்லல. இது வூட்ல பேசுறது, அது நோட்டுல எழுதுறது. ரெண்டும் வேற வேறன்னு சொன்னாப் போதும். ஒண்ணு கெட்டதுன்னு சொல்ல வேணாம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தன் கதையைச் சொன்னாள். பத்தாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்குப் பேச அவள் பெயரைக் கொடுத்திருந்தார்களாம். ஒத்திகையில் ‘வந்துகினு கீறாங்க’ என்று வாய் தவறி வந்துவிட்டது. மேடை முழுக்கச் சிரிப்பு. “அதுக்கப்பறம் ப்ளஸ் டூ முடிக்கிற வரைக்கும் கிளாஸ்ல நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லக்கா. புரியலன்னாலும் தலையாட்டிட்டு வந்துருவேன்.”

 எனக்கும் அப்படி ஒன்று நடந்திருந்தது, அதை அந்த நிமிடம் வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் நாகர்கோவில்காரி. எங்கள் ஊரில் தண்ணீரை வெள்ளம் என்போம். ஞாபகத்தை ஓர்மை என்போம். சென்னைக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், மதியச் சாப்பாட்டின்போது, “கொஞ்சம் குடிக்க வெள்ளம் தருவீங்களா?” என்று பக்கத்து மேஜையில் கேட்டேன். அந்த செக்‌ஷனே சிரித்தது. ஒரு வருடம் என்னை ‘வெள்ளம்’ என்றே கூப்பிட்டார்கள். நல்லவர்கள்தான், வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதன்பிறகு நான் பேசும்முன் ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்துவிட்டே வெளியே விட்டேன். ஊரிலிருந்து அக்கா போன் செய்தால் மாடிப்படிக்குப் போய்ப் பேசுவேன். என் மகளுக்கு என் ஊர்ப் பேச்சு தெரியவே தெரியாது. இத்தனையும் செய்த நான், ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் போய் நல்ல தமிழ் காட்டியிருக்கிறேன்.

இதைச் சொன்னபோது தையல்காரப் பெண் நடுரோட்டில் நின்று சிரித்துவிட்டாள். “வெள்ளம் குடிச்சீங்களா அக்கா?” என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இருபது வருடத்தில் அந்தச் சம்பவத்துக்கு நான் சிரித்தது அதுதான் முதல் முறை.

மறுநாளிலிருந்து நாங்கள் ஒரு பெரிய நோட்டுப் போட்டோம். நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் வூட்டுப் பேச்சு, வலப்பக்கம் நோட்டுப் பேச்சு. தலைப்பை வைத்தது பிள்ளைகள்தான். அவர்கள் ஒரு சொல் சொல்வார்கள், நான் எழுதுவேன். அதற்கு நோட்டுப் பேச்சில் என்ன என்று எல்லோருமாகத் தேடுவோம். குந்து என்றால் உட்கார். அப்பால என்றால் பிறகு. அந்தாண்ட என்றால் அந்தப் பக்கம். பேஜாருக்கு மட்டும் இரண்டு நாள் சண்டை நடந்தது. தொந்தரவு என்றான் ஒருவன், அலுப்பு என்றாள் ஒருத்தி. கீழே இருந்து பாய் டீ எடுத்துக்கொண்டு வந்தவர், “அது எங்காளுங்க கொண்டாந்த உருது வார்த்தை. மனசு வெறுத்துப்போறது” என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியே எழுதிக்கொண்டோம். என் வெள்ளமும் ஓர்மையும்கூட அந்த நோட்டில் ஏறின. பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. ‘மிஸ்ஸும் தப்புத் தப்பாப் பேசும்’ என்று தெரு முழுக்கச் சொன்னார்கள்.

இரட்டை ரிப்பன்காரி மட்டும் என்னோடு பேசவில்லை. நோட்டைச் சுற்றி எல்லோரும் கூடும்போது அவளும் எட்டிப் பார்ப்பாள். ஒரு சொல்லை நான் தவறாக எழுதினால் பக்கத்துப் பெண்ணின் காதில் சொல்லுவாள், அவள் எனக்குச் சொல்லுவாள். அதுவரைதான். நான் வற்புறுத்தவில்லை. செய்தது நான், பொறுத்திருக்க வேண்டியதும் நான்தான் என்று இருந்தேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம் அவள் அம்மா மாடிக்கு வந்தாள். பெருங்களத்தூர் அடுக்குமாடி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. நீலச் சீருடை மாற்றாமல் அப்படியே வந்திருந்தாள். கையில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு தாள். பிள்ளை வகுப்பில் பதில் சொல்வதில்லை, வாசிப்பதில்லை, கற்றல் குறைபாடு உள்ளதா என்று பரிசோதிக்க வேண்டும், குறிப்பிட்ட நாளில் அழைத்து வரவும் என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஓர் ஆசிரியைக்கு நாற்பது பிள்ளைகள். பேசாத பிள்ளையைக் கவனித்தாரே என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அம்மாவால் அந்தத் தாளை முழுதாக வாசிக்க முடியவில்லை. ‘குறைபாடு’ என்ற சொல் மட்டும் பிடிபட்டிருக்கிறது.

“எம் பொண்ணு லூஸுன்னு எழுதிக்கினு கீறாங்களாக்கா?”

தையல்காரப் பெண் அவளை உட்காரவைத்தாள். “அப்டிலாம் இல்லக்கா. டெஸ்ட்டு பண்ணிப் பாக்கணும்னு சொல்றாங்க. அவ்ளோதான்.”

“வூட்ல அது வாய் மூடாது. அதுங்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது. ஸ்கூல்ல ஏன் பேசலன்னு கேட்டா, ‘பேசுனா சிரிக்கறாங்கோ’ன்னு சொல்து. நான் இன்னா பண்ணட்டும்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். முதலில் சிரிக்கவைத்தது நானாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த வரிசையில் நானும் இருந்தேன்.

தையல்காரப் பெண் தானே அவர்களோடு போவதாகச் சொன்னாள். பரிசோதனைக்கு முதல் நாள் மாலை அவளிடமிருந்து போன். ஆர்டர் அவசரம், யாருக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். “நீங்கதான் போவணும்க்கா.”

“அவ என்கிட்ட பேச மாட்டாளே.”

“தெரியும்க்கா. ஆனா வேற யாரு இருக்கா?”

மறுநாள் காலை நாங்கள் மூவரும் கிளம்பினோம். பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம் வரை ஒரு பஸ். ஸ்டேஷன் நடைமேம்பாலம் ஏறிக் கிழக்குப் பக்கம் இறங்கி, அங்கிருந்து வேளச்சேரி சாலையில் இன்னொரு பஸ். சேலையூர் தாண்டும்போது அம்மா பிள்ளைக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தாள். “அங்க போயி இன்னா கின்னான்னு பேசாத. டீசன்ட்டா பேசணும். மிஸ் எப்டிப் பேசறாங்க, அதுமாரி பேசு. ஒயுங்கா பதில் சொல்லணும், இன்னா?” பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டு ரிப்பனும் அன்றைக்கு ஒரே நிறம், புது ரிப்பன். அவளுக்குக் கிடைக்கும் ஒரே கதவையும் சாத்திவிட்டாளே என்று எனக்குப் பட்டது. ஆனால் பயத்தில் பேசும் தாயிடம் பஸ்ஸில் வைத்து என்ன சொல்ல முடியும்?

ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு பள்ளி வளாகத்தில் ஓர் அறையில் பரிசோதனை. சோதிப்பவர் என் வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடி, கைத்தறிப் புடவை, மெல்லிய குரல். பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்தார். பெயர் கேட்டார். பிள்ளை பெயர் சொன்னாள், காற்று போல. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மேஜையில் ஒரு பெரிய படத்தை வைத்தார். சந்தைப் படம். மீன் கூடை, நாய், பஸ், வாழைத்தார் எல்லாம் இருந்தது.

“இந்தப் படத்தில் என்னவெல்லாம் பார்க்கிறாய் கண்ணா?”

பிள்ளை படத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா ‘சொல்லு’ என்று வாயசைத்தாள். பிள்ளையின் உதடு திறந்து, மூடியது. மறுபடியும் திறந்து, மூடியது. நோட்டுப் பேச்சைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தண்ணீர் கேட்கும்முன் நான் தேடியது போல.

அவர் இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். பொறுமைக்குக் குறைவில்லை. கடைசியில் பேனாவை எடுத்துத் தாளில் ஏதோ எழுதத் தொடங்கினார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, “மேடம், நான் ஒரு தடவை கேக்கலாமா?” என்றேன்.

“நீங்க?”

“இவ சாயங்காலம் வர்ற வகுப்புல சொல்லித்தர்றேன்.”

“கேளுங்க. பதில எடுத்துக் குடுக்கக்கூடாது.”

நான் நாற்காலியை நகர்த்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நோட்டின் இடப்பக்கம் எழுதியதையெல்லாம் மனதில் கொண்டுவந்து, வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பேச்சை என் வாயால் பேசினேன்.

“இன்னாமே, இந்த நாயி இன்னா பண்ணிகினு கீறான்?”

என் நாகர்கோவில் நாக்கில் அது எப்படி வந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் நம்பவில்லை. பிறகு உதட்டோரம் லேசாகக் கோணியது.

“நாய்க்கு ‘கீறான்’ வராது மிஸ்,” என்றாள். “நாயி கீது.”

“அப்ப இந்தம்மா?”

“அந்தம்மா கீறாங்க.”

“மீனு?”

“மீனும் கீது. ஆனா ஃப்ரெஷ்ஷு இல்ல மிஸ். கண்ணு உள்ள பூந்துகினு கீது பாருங்க. எங்க பெரிம்மா இந்த மாரி மீன கூடைலயே போடாது.”

அதற்குப் பிறகு நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் நாற்காலியில் முட்டி போட்டு ஏறிக்கொண்டாள். விரலைப் படத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். மீன்காரம்மா போன் பேசிகினு கீறாங்க, அதனால் நாயைப் பார்க்கவில்லை. நாய் இன்னும் கொஞ்ச நேரத்தில் மீனைத் தூக்கினு ஓடப்போகிறது, ஏனென்றால் அதன் வால் நேராக நிற்கிறது. பஸ் இந்த ஸ்டாப்பில் நிற்காது, டிரைவர் அந்தாண்ட பார்த்துகினு கீறார். வாயப்பயத் தாரில் மேல் சீப்பு மட்டும் பழுத்திருக்கிறது, கீழே எல்லாம் காய், அதை இன்றைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். படத்தை வரைந்தவருக்கே தெரியாததெல்லாம் அதில் அவளுக்குத் தெரிந்தது.

சோதிப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, “கூடையில எத்தனை மீன் இருக்கு?” என்று அவரும் சாதாரணப் பேச்சில் கேட்டார். “மேல தெரியறது ஏயு. அடில இன்னும் கீது, ஆனா தெரில” என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

வாசிப்புச் சோதனையில் அவள் தடுமாறினாள். அதை மறைக்க நான் விரும்பவில்லை. இரண்டாம் வகுப்புப் பாடத்தைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். வாய் திறக்காமலே மூன்று வருடம் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு யாரும் வாசிப்பைச் சரிபார்த்திருக்க முடியாது. அந்தப் பெண்மணி எங்களைத் தனியாக அழைத்து, “குறைபாடுன்னு நான் எதுவும் எழுதல. வாசிக்கப் பழகணும், அவ்வளவுதான். மூணு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க,” என்றார். பிறகு என்னிடம், “இந்த மாதிரி நான் எத்தனை பிள்ளைங்களுக்கு என்ன எழுதியிருக்கேன்னு தெரியல” என்று மெதுவாகச் சொன்னார். அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். அவர் முகம் இன்றும் எனக்குக் கண்ணுக்குள் இருக்கிறது.

வெளியே வந்ததும் அம்மா மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். பிள்ளைக்கு அது புரியவில்லை. “ஏன்மா அய்வுற? நான் கரீட்டாதானே சொன்னேன்?” என்று கேட்டு, அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “மிஸ், நீங்க அப்டிப் பேசாதீங்க. நல்லால்ல. நான் சொல்லித் தரேன்” என்றாள். திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பாடம் நடந்தது. தாம்பரம் மேம்பாலத்தில் ஆள் நெரிசலில் நின்று, ‘கீறேன், கீற, கீறாங்க, கீது’ என்று என்னைச் சொல்லவைத்தாள். பக்கத்தில் போன ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அந்த மூன்று மாதம் நாங்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான். அவள் பேசுவதை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல், தையல்காரப் பெண் பெரிய எழுத்தில் எழுதுவாள். அவள் பேசியதையே அவள் வாசிப்பாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும் என்பதால் பயமில்லாமல் வாசித்தாள். பெரிம்மாவின் மீன்கடை பற்றி ஒரு பக்கம், ஏரி நிரம்பி அவர்கள் தெருவில் தண்ணீர் வந்தது பற்றி ஒரு பக்கம், என்னைப் பற்றி ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் ‘மிஸ்ஸு நல்லவங்க, ஆனா டீ கலீஜா குடிப்பாங்க, உறிஞ்சிகினு’ என்று ஒரு வரி இருந்தது. அதன்பின் அதே பக்கத்தை நோட்டுப் பேச்சில் மாற்றுவோம். அதையும் வாசிப்பாள். பிப்ரவரியில் ஒரு நாள் பள்ளிப் பாடப் புத்தகத்தைத் தானே திறந்து ஒரு பாடத்தை நிறுத்தாமல் படித்து முடித்தாள். முடித்ததும் கைதட்டலுக்காகத் தலையைத் தூக்கினாள். பாய் அப்போது குழாய் அளக்க வந்திருந்தார். அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டு முதலில் கைதட்டியவர் அவர்தான்.

அவள் வகுப்பாசிரியை ஒரு சனிக்கிழமை எங்கள் மாடிக்கு வந்தார். நோட்டை ஒரு மணி நேரம் புரட்டினார். ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது அவள் தாம்பரத்தில் ஏழாம் வகுப்பு. முதல் ராங்க் எல்லாம் இல்லை. கணக்கில் தட்டுத் தடுமாறுகிறாள். போன பருவத்து ரிப்போர்ட்டில் ‘வகுப்பில் அதிகம் பேசுகிறாள்’ என்று எழுதியிருந்ததை அவள் அம்மா கொண்டுவந்து காட்டினாள். வாசித்துச் சொல்லச் சொன்னாள். இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

தையல்காரப் பெண்ணுக்குப் போன வருடம் மறைமலைநகர் பக்கம் ஒரு யூனிட்டில் சூப்பர்வைசர் வேலை கிடைத்து அங்கேயே வீடு பார்த்துப் போய்விட்டாள். கிளம்பும் நாள் மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அன்று நீ நடந்து வந்து சொல்லியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஆரம்பித்தேன். நன்றி சொல்ல நினைத்தேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, “நான் அப்டியா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லக்கா” என்றாள். எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு, நினைவு வைத்துக்கொள்ள வேண்டியது நான்தானே என்று தோன்றியது. அலமாரி துடைத்துக்கொண்டு முடிந்திருக்க வேண்டிய என் வருடங்களை அந்தப் பெண் வாங்கிப் பதினெட்டுப் பிள்ளைகள் நடுவில் உட்காரவைத்தாள். என் அக்காவிடம் இப்போது நான் ஹாலில் உட்கார்ந்தே பேசுகிறேன். மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, “இது என்னம்மா பாஷை?” என்று கேட்டாள். என் பாஷை என்றேன்.

இந்த ஜூனில் வகுப்புக்கு ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், அக்காவும் தம்பியும். பெற்றோர் பெருங்களத்தூரில் ஒரு கட்டடத்தில் வேலை செய்கிறார்கள். அவர்கள் பேச்சு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முதல் நாள் இருவரும் படியிலேயே நின்றுவிட்டார்கள். நான் அவர்கள் அம்மாவைத் தேடிப் போனேன். ஷெட்டுக்கு வெளியே சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தை, எனக்குத் தெரிந்த கொஞ்சம் ஹிந்தி, மீதிக்குக் கை ஜாடை. உள்ளே வா, உட்கார் என்பதை உங்கள் பேச்சில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். “ஆஸ, பஸ” என்றாள். நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அவள் கரண்டியோடு கையை ஆட்டி, அப்படியில்லை என்று மறுபடி சொன்னாள். சரியாக வரும்வரை என்னை விடவில்லை.